மதகடி இலையில் ஒரு பூஞ்சை

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், எங்கள் துறையில் தட்டச்சு செய்த கமலாவைப் பார்த்தேன். எஸ்தர் மேடம் இறந்து மூன்று நாளாகிறது என்றாள். கையில் எடுத்த கத்தரிக்காயைத் திரும்ப வைத்துவிட்டேன். தாம்பரம் கல்லூரியில் அவரிடம் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறுபது வயதுக்கு மேல் எழுத்து கற்றவன் நான். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. இந்தத் துக்கத்திலும் அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தண்ணீரில் மூழ்கிய இலைகளில் வளரும் பூஞ்சைகள்தான் மேடத்தின் ஆராய்ச்சி. ஆய்வக உதவியாளான நான் செம்பாக்கம் ஏரி மதகடியில் இலை பொறுக்கி வருவேன். அவர் அவற்றைக் கழுவி, கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பார். சுனாமிக்கு அடுத்த மாதம், ஒரு புங்க இலையில் அதுவரை யாரும் பெயர் வைக்காத பூஞ்சை தெரிந்தது. படம் வரைந்தார். படம் மட்டும் போதாது, பூஞ்சையையே பதப்படுத்தி வைத்தால்தான் புதுப்பெயர் செல்லும் என்றார். அதைக் காலையில் செய்யலாம் என்று, தட்டின் மேல் ‘கொட்டாதே’ என்று எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நான் வழக்கம்போல் எல்லாத் தட்டுகளையும் கொட்டிக் கழுவிவிட்டேன்.

“சீட்டைப் பாக்கலையா அண்ணா?” என்றார்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். “எழுத்து அழிஞ்சி போயிருந்துச்சி மேடம்” என்று பொய் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். மை சரியில்லை, தன் தப்புதான் என்று சொல்லி, அலமாரியில் இருந்த அத்தனை சீட்டுகளையும் பென்சிலால் திரும்ப எழுத உட்கார்ந்தார். மதியம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். தாங்கவில்லை.

“மேடம், எனக்குப் படிக்கத் தெரியாது.”

பென்சிலைக் கீழே வைத்தார். “இத காலையிலயே சொல்லியிருந்தா என் கை இப்படி வலிச்சிருக்காதே” என்றார். துறைத்தலைவரிடம் இதைச் சொல்லவில்லை.

பிறகு அதே பூஞ்சையைத் தேடி தினமும் இருவரும் மதகடிக்குப் போனோம். ஏரி வற்றிக்கொண்டிருந்தது. கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் விரல் கனமாகிவிட்டது. அதுவும் நின்றால் இலைகள் காய்ந்துவிடும், பூஞ்சை கிடைக்காது. கொண்டுவந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இல்லை என்பார். “இத்த கொட்டலாமா மேடம்?” என்று ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டேன்.

ஒன்பதாம் நாள், மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் வாளியோடு நின்றேன். கடைசியில் எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார். கண்ணாடி நூலால் செய்தது போல், நான்கு கைகளை நீட்டிக்கொண்டு ஒன்று தெரிந்தது.

“நீங்க கொட்டினது இதான் அண்ணா. நல்லா பாத்துக்குங்க.”

சிரிக்காமல்தான் சொன்னார். மன்னித்துவிட்டேன் என்று அவர் என்றுமே சொன்னதில்லை. மன்னிப்பாக அந்தக் குத்தலைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.