விசிலக்கா உட்கார்ந்த கதை

விசிலக்கா இருபத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டர். கழுத்தில் விசில் தொங்கினாலும், இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கும் விசிலுக்குத்தான் டிரைவர்கள் கட்டுப்பட்டார்கள். நீளமாக ஒன்று அடித்தால் வண்டி நிற்கும். குட்டையாக இரண்டு அடித்தால் கிளம்பும். கண்டக்டருக்கென்று பஸ்ஸில் ஓர் இருக்கை உண்டுதான். அதில் என்றைக்கும் யாராவது கைக்குழந்தைக்காரி இருப்பாள். லீவு நாளில் அக்கா பஸ் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆக, ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததே இல்லை அந்த மனுஷி.

போன மாதம் அவள் ஓய்வு பெற்றதும், காலை ஏழே முக்கால் வண்டியில் தினமும் வந்த மூன்று பேர் கூடிப் பேசினார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி தையற்காரி, ஒருத்தி டீச்சர்.

"இத்தனை வருஷம் நாங்க உக்காந்தோம், நீ நின்ன. இனிமே நீ உக்காருக்கா, நாங்க நிக்கிறோம்" என்று சொல்லி, நாலு நாள் பயணமாக அவளை வெளிநாட்டுக்கே கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

போன நகரத்தில் ஊர் சுற்றிக்காட்டும் மாடி பஸ் ஓடியது. மேலே கூரை கிடையாது. முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தால் ஊரே காலடியில். அந்த சீட்டுக்கு அக்கா எவ்வளவு ஏங்கினாள் என்பது அவள் வயிற்றுக்குத்தான் தெரியும். ஏறுவதற்கு முந்தின ராத்திரி சோறு இறங்கவில்லை.

கடைசி நாள் ஏறினார்கள். சீட்டும் கிடைத்தது. உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, படிக்கட்டில் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டுவிட்டது. எழுந்து போய், "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கையை வீசினாள். பச்சைத் தமிழில்தான். எந்தெந்த தேசத்துக்காரர்களோ, மறுபேச்சில்லாமல் உள்ளே போனார்கள். திரும்பி வந்தால் அவள் சீட்டில் ஒரு கிழவர்.

"எழுப்பட்டுமா?" என்றாள் டீச்சர்.

"விடுடி, வயசானவரு."

சிரித்துச் சிரித்து டீச்சருக்கு விக்கல் எடுத்தது.

பிறகு ஒரு நிறுத்தத்தில் தையற்காரி கடைக்கண்ணாடிக்குள் இருந்த கவுனின் தையலைப் பார்க்க இறங்கினாள். பஸ் நகர்ந்துவிட்டது. நின்றுகொண்டிருந்த அக்காவின் விரல்கள் தாமாக வாய்க்குப் போயின. நீளமாக ஒரு விசில். டிரைவர் போட்ட பிரேக்கில் எல்லாரும் ஒருமுறை முன்னால் போய் வந்தார்கள். தையற்காரி ஓடி வந்து ஏறிக்கொண்டாள். அந்த பஸ்ஸின் கண்டக்டரம்மா, ஐம்பது வயதுக்காரி, விசில் அடித்தது யாரென்று கேட்டு மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள். நர்ஸும் டீச்சரும் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். அக்கா மட்டும் யோக்கியமாகக் கையைத் தூக்கினாள். கண்டக்டரம்மா முறைத்தாள், அப்புறம் தானும் இரண்டு விரலை வைத்து ஊதிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

சாயங்காலம், கடைசிச் சுற்று. விடிந்தால் விமானம். கிழவர் இறங்கினார். மூவரும் அக்காவை அமுக்கி உட்காரவைத்து, சால்வையால் இடுப்பைச் சேர்த்துக் கம்பியோடு கட்டினார்கள். தையற்காரி போட்ட முடிச்சு, லேசில் அவிழாது.

பாலம் வந்தது, கோபுரம் வந்தது, மூன்றாம் மாடியில் தொங்கியபடி கண்ணாடி துடைத்தவன் அக்காவைப் பார்த்துக் கையாட்டினான். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. பச்சைப்பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

அப்போது கண்டக்டரம்மா மேலே வந்து நின்றாள். ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் ஆடுசதையில் வைத்து ஆற்றினாள். அந்த நிற்பு அக்காவுக்குத் தெரியாதா என்ன.

"அக்கா, எந்திரிச்ச, அவ்வளவுதான்" என்றாள் நர்ஸ்.

"எங்கடி எந்திரிக்கிறது, கட்டிப்போட்டுட்டீங்களே" என்றபடி அக்கா முடிச்சு விட்ட மட்டும் நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

கண்டக்டரம்மா தலையாட்டி மறுத்துப் படிக்கட்டைக் காட்டினாள். கீழே யார் பார்ப்பது என்று அர்த்தம். அக்காவே ஆயிரம் தடவை சொன்ன பதில். உடனே தோழிகள் பக்கம் திரும்பினாள்.

"நர்ஸு, நீ வாசல்ல நில்லு. டீச்சர், நீ படிக்கட்டு. ஓடுங்க."

ஓடினார்கள். அக்கா கண்டக்டரம்மாவின் தோள்பை வாரைப் பிடித்து இழுக்க, அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். மெல்ல ஷூவைக் கழற்றினாள்.

அடுத்த நிறுத்தம் வந்தது. எழப் போனவளின் மணிக்கட்டை அக்கா பிடித்துக்கொண்டாள். கீழே டீச்சரின் குரல், "உள்ள போங்க, உள்ள போங்க." அப்புறம் நர்ஸ், "எல்லாரும் ஏறியாச்சுக்கா."

அக்கா விரலை வாயில் வைத்துக் குட்டையாக இரண்டு விசில் அடித்தாள். பஸ் கிளம்பியது. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் உட்கார்ந்துகொண்டு அடித்த முதல் விசில் அதுதான்.