பனிமலைக்கு முன்னால் மாப்பிள்ளை

பலெர்மோவில் தமிழ் வீடுகளின் கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் படம் எடுப்பவர் என் கணவர். அழும் மணப்பெண்ணை மூக்குச் சிவக்குமுன் எடுத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் துருவத்துப் பனிமேல் ஆசை எப்படி வந்ததோ! இத்தாலியப் படப்பிடிப்பாளர் ஒருவர் கிறீன்லாந்துப் பயணத்துக்குக் கமராப் பெட்டி தூக்க ஆள் தேடினார். இவர் முந்திக்கொண்டார்.

"ஐஸ் பாக்க அவ்வளவு தூரம் போகோணுமே? கபோச் சந்தையிலை மீன்கடைக்காரன் பெட்டி பெட்டியாய்க் கொட்டி வைச்சிருக்கிறான்" என்றேன்.

"உமக்கு விளங்காது. அங்கை எல்லாம் உருகுது. முழுக்க உருக முதல் படமாவது இருக்கோணும்."

"மீன்கடையிலையும் உருகுதுதான்."

போனார். மூக்கு நுனி தோலுரிந்து திரும்பினார். கணினியில் காட்டினார்: நீலப் பனி, வெள்ளைப் பனி, மூடுபனிக்குள் பனி. நல்ல வடிவுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஒரு மனிசரும் இல்லையே. ஆர் சிரிக்கிறது, ஆர் அழுறது?"

அன்று தேத்தண்ணீரைத் தானே போட்டுக் குடித்தார்.

கோடையில் தேவாலயத்துப் பின்மண்டபத்தில் கண்காட்சி வைத்தார். வெயிலுக்கு ஒதுங்கவே நிறையச் சனம் வந்தது. எல்லோரும் பனிமலைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒருத்தி சால்வை போர்த்திக்கொண்டே எடுத்தாள். இவர் மூலையில் நின்று பல்லைக் கடித்தார்.

மன்னார்க் கரையோர ஊரிலிருந்து வந்த அக்கா ஒருவர் மட்டும் ஒரு படத்தை விட்டு நகரவில்லை. அதில் பனி ஓரத்தில்தான். மிச்சமெல்லாம் ஈரக் கறுப்புப் பாறை.

"தம்பி, இதிலை ஐஸைக் காணேல்லையே?"

"முந்தி இந்தப் பாறையை மூடி இருந்தது அக்கா. உருகிப் போச்சு."

"உருகின தண்ணி எங்கை போகும்?"

"கடலுக்குத்தான்."

அக்கா படத்துக்கு இன்னும் கிட்டப் போனார். "கடல் கிட்ட வருது எண்டு தங்கச்சி ஊரிலை இருந்து போனிலை சொல்லுறவள். சும்மா பயப்பிடுறாள் எண்டு நினைச்சன்."

எனக்குக் கேலி வரவில்லை. இவர் மெல்லிய குரலில், பனி உடையும்போது இடி போலக் கேட்கும் என்று சொல்லத் தொடங்கினார். செல்ஃபிக்காரர்களும் ஒவ்வொருவராய் வந்து கூடினார்கள்.

போகும்போது அக்கா திரும்பினார். "தம்பி, மகளின்ரை கலியாணத்துக்கு மேடைக்குப் பின்னாலை வைக்க இதிலை ஒண்டு பெரிசாய் அடிச்சுத் தருவீரோ?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா. ஆனால் எந்தப் படம் எண்டு நான்தான் சொல்லுவன்."

கறுப்புப் பாறையைத்தான் கொடுத்தார். கலியாணத்தன்று அதற்கு முன்னால் கோட்டுக்குள் வியர்த்து வழிந்த மாப்பிள்ளையிடம், "கொஞ்சம் குளிருற மாதிரி நில்லும்" என்றார். வந்தவர்களோ பாறையைப் பற்றியே கேட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் நின்று இவர் பனியாற்றை விளக்கிக்கொண்டிருக்க, கேக் வெட்டும்போது கமரா என் கையில். இரண்டு படங்களில் மாப்பிள்ளைக்குத் தலையில்லை.