செல்லம்மா நம்பர்

காரப்பொடி மீன் ஆய்வதற்குப் பொறுமை வேண்டும். விரல் நீள மீனுக்கும் செதிலைத் தேய்த்து, செவுளைப் பிடுங்கி, குடலை எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அது செல்லம்மாவின் வேலை. இந்த ஞாயிறு குழாயடியில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் வாசுதேவன். போன வாரம் மீன் ஆயும்போது அவள் கட்டைவிரலை அறுத்துக்கொண்டாள். சட்டித் தண்ணீர் சிவந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

“வெரலு மரத்துப் போச்சுய்யா,” என்றாள், வாசற்படியில் நின்றுகொண்டு. “கம்பெனில தைக்கறப்ப ஊசி குத்துது, தெரிய மாட்டேங்குது. நாலு மணிக்கு நோட்டுல என் பேர எழுதிகினு வா.”

“வாரா வாரம் எழுதறதுதான?”

“இந்த வாட்டி எனக்குய்யா.”

“சரி, சரி. பூனைய வெரட்டு மொதல்ல.”

ஹரிப்ரியா டாக்டர் பகலெல்லாம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர். கூடுவாஞ்சேரியில், தன் வீட்டு முன்னறையில், திங்களும் வியாழனும் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை மட்டும் நோயாளிகளைப் பார்ப்பார். ரயிலையும் கம்பெனி வேனையும் துரத்திக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு, அங்கே வேலை பார்க்கும் ஜெபா ஒரு நோட்டைக் கயிறு போட்டுக் கேட்டில் கட்டித் தொங்கவிடுவாள். இருபத்தைந்து பெயர்தான். பத்து நிமிஷத்தில் பக்கம் நிரம்பிவிடும்.

வாசுதேவனுக்கு எழும்பூரில் ஸ்டோர் கீப்பர் வேலை. எந்தச் சாமானிலும் ஒன்று உபரியாக இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, யாருக்காவது ஆகுமே என்று மனைவியின் பெயரைச் சும்மா எழுதிவைத்தார். அன்று மாலையே ரயில் சிநேகிதர் ஒருவருக்குக் காய்ச்சல். கொடுத்தார். அதிலிருந்து ஞாயிறுதோறும் எழுதுவதும் கேட்டவருக்குக் கொடுப்பதும் பழக்கமாகிவிட்டது. ரயிலில் அதற்குச் ‘செல்லம்மா நம்பர்’ என்றே பெயர். ஒருமுறை ஜெபா கூப்பிட்டபோது, அதே ரயிலில் வரும் காசிநாதன் ஆறடி உயரத்தோடும் மீசையோடும் எழுந்து, “நான்தாம்மா செல்லம்மா” என்றதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வாசுதேவனுக்கு அதிலெல்லாம் கொஞ்சம் பெருமைதான். வண்டி எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் அவருக்கு ஜன்னலோரம் ஒரு இடம் இருக்கும்.

நான்கு மணிக்குப் போய், ஏழாவது வரியில் ‘செல்லம்மா’ என்று எழுதிவிட்டு வந்தார். மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக் கை கழுவும்போது இன்னொரு ரயில் சிநேகிதர் ஸ்டான்லியின் போன்.

“அண்ணாத்த, ஷாரோனுக்கு மறுபடி மூச்சிழுப்பு. ராத்திரிக்கு மருந்து கீது, காலைல காட்டியே ஆவணும். செல்லம்மா நம்பர் கீதா?”

“கீது. ஏழு. அஞ்சரைக்கே போயிடு.”

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. ஆறு வருஷமாக நாக்குக்குப் பழகிய பதில். போனை வைத்துவிட்டு ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

காலையில் மனைவியோடு கிளினிக்குக்குள் நுழைந்தவர், மூலையில் ஸ்டான்லியைப் பார்த்ததும் அப்படியே நின்றார். செல்லம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினார், சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆறு மணி வாக்கில் ஜெபா கூப்பிட்டாள்.

“ஏழு. செல்லம்மா.”

இரண்டு பெண்கள் எழுந்தார்கள்.

“அண்ணி? நீங்க எங்க இங்க?” என்றார் ஸ்டான்லி, மனைவி ஷாரோனின் முழங்கையைப் பிடித்தபடி.

செல்லம்மா, ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஷாரோனின் தோள்களைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார்.

“நீ போம்மா. மூச்சு வுட முடியாம நிக்கற. போ.”

ஷாரோனை உள்ளே அனுப்பிவிட்டு ஜெபா திரும்பி வந்தாள். “நெஜமாவே ஒரு செல்லம்மா கீறீங்களாக்கா? ஆறு வருஷமா கூப்டுகினு கீறேன், இன்னிக்குத்தான் மூஞ்சப் பாக்கறேன்!”

யாரோ சிரித்தார்கள். செல்லம்மாவும் சிரித்துவைத்தாள். “எனக்கு ஒரு நம்பர் வருமா பாரேன்.”

“இருபத்தஞ்சு பேரும் வந்துட்டாங்கக்கா. ஏழரைக்கு டாக்டர் கார்ல ஏறிடுவாங்க. யாராச்சும் வுட்டுக் குடுத்தாத்தான்.”

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோருக்கும் பிடிக்க ஒரு ரயில் இருந்தது. பெஞ்சுகளில் இருந்த நாலு பேராவது எப்போதோ தன் நம்பரில் வந்தவர்கள் என்பது வாசுதேவனுக்கு ஞாபகம் வந்தது. கேட்டுப் பார்க்கலாமா? ஒருத்தி மடியில் கைக்குழந்தை; இன்னொருவர் காலில் கட்டு. ‘என் நம்பரில் வந்தவங்கதானே’ என்று இரண்டாம் முறை நினைத்தபோது, அந்த நம்பர் என்றைக்குத் தன்னுடையதாக இருந்தது என்று தோன்றியது. போன மழையில் அவள் இடுப்பு வலி என்றாள். தைலம் தேய்த்துவிட்டார். அந்த வாரத்து நம்பர் யாருக்குப் போயிற்று என்பது மறந்துவிட்டது. யாருக்கோ போயிற்று.

மணி ஏழு பத்து. கம்பெனி வேன் ஏழேகாலுக்கு முனைக்கு வந்துவிடும். சொல்லாமல் நின்றுவிட்டால் அவள் மெஷினில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள். ஊசி குத்துவது தெரியவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னாலும் அதேதான். செல்லம்மா எழுந்தாள்.

“புதங்கெழமை லீவு போட்டுட்டு நானே வந்து மொத ஆளா எழுதறேன்,” என்றார் வாசுதேவன், தாழ்ந்த குரலில். “எவன் கேட்டாலும் தர மாட்டேன். இன்னா?”

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடப் போன அவள் விரல் இரண்டு முறை வழுக்கியது. அவர் கையை நீட்டினார்.

“செல்லம்மா, இன்னாங்கற?”

அவள் மூடாத பையை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையாக நீட்டியிருந்த கால்களைத் தாண்டி வெளியே போனாள்.