உந்தத்துக்குச் செக்‌ஷன் கிடையாது

விஜயலட்சுமியின் வகுப்பில் யாராவது உந்தத்தை வேகம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குத் தொலைந்தார்கள். கள்ளக்குறிச்சியில் பிளஸ் ஒன் பெண்களுக்கு இயற்பியல் எடுத்தாள் அவள். கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். "நிறையைத் திசைவேகத்தால பெருக்குங்கடி, அதான் உந்தம். காலி வண்டியும் லோடு வண்டியும் ஒரே வேகத்துல வந்தா ரெண்டும் ஒண்ணா?" என்று மேசையைத் தட்டுவாள்.

பிள்ளைகளைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தப் பக்கத்துப் பேச்சே அப்படி. வண்டி ஓடுவதும் வேகம், பின்னால் இருக்கிற லோடு பிடித்துத் தள்ளுவதும் வேகம், ஒருத்தன் விட்ட அறையும் வேகம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊரே ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சொல் தன் தம்பியின் கழுத்தையே பிடிக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

தம்பி பொன்னுரங்கம் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அவன் டிராக்டர் ஓட்டிக் கொண்டுவந்த கூலியில்தான் அக்கா பி.எட். முடித்தாள். தியாகதுருகம் பக்கம் கல்குவாரி வைத்திருந்த நாராயணசாமியிடம் அவனுக்கு வேலை. டிராக்டர் லைசென்ஸ் ஒன்றுதான் அவன் சொத்து. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் எல்லாம் அதை நம்பித்தான்.

எண்பத்தேழு புரட்டாசியில் இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்தது. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. நாராயணசாமிக்கு மட்டும் கல் போயாக வேண்டும். "பஸ்ஸுதானே ஓடல, நமக்கு இன்னா? ரெண்டு டிரெய்லரையும் மாட்டிக்கினு போடா" என்றார். டிரெய்லருக்கு ஏது பிரேக்? இருப்பதெல்லாம் முன்னால் டிராக்டருக்குத்தான். தலைக்கு மேல் கல்லை ஏற்றி அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

ஒரு இறக்கத்தில் புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் முன்னால் ஆட்கள் நின்றார்கள். பொன்னுரங்கம் தூரத்திலேயே பிரேக்கை மிதித்தான். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்னால் இருந்த கல் அத்தனையும் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு வந்து மரத்தில் சாய்த்தது. நடுவில் பழனி என்பவனின் கால் மாட்டி நசுங்கியது.

ஸ்டேஷனில் "இன்னாடா ஆச்சி?" என்று கேட்டார்கள். "வேகம் தாங்கலீங்க" என்றான் அவன். லோடு தள்ளியதைச் சொன்னான், பாவம். அவர்கள் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் விஜயலட்சுமி விறுவிறுவென்று ஸ்டேஷனுக்குப் போனாள்.

"அவன் சொன்னது உந்தங்க. வண்டி மெதுவாத்தான் வந்திருக்குது. லோடு ஜாஸ்தி, அதான் நிக்கல."

எஸ்.ஐ. சிரித்தார். "உந்தத்துக்கெல்லாம் செக்‌ஷன் கெடையாதுங்க டீச்சர். வேகம்னு அவன் வாயாலதானே சொன்னான்?"

"அப்ப லோடு ஏத்தினவரு?"

"அவரு வண்டி ஓட்டலியே."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கல்லுக்குச் சொந்தக்காரன் ஒருவன், காசு பார்ப்பவன் அவனே. தப்பு மட்டும் ஸ்டீயரிங் பிடித்தவனுக்கா? என்ன நியாயம் இது?

அந்தக் கோபத்தோடேயே பழனியைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரோட்டில் போய் ஏன் நின்றாய் என்று நாலு வார்த்தை கேட்கத்தான் போனாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது.

"வண்டி எவ்ளோ வேகத்துல வந்துச்சிப்பா?"

"வேகம் ஏதுங்க? ஆளு நடக்கிற மாதிரி வந்துச்சி. அதான் நான் நவரல. கைய வச்சி நிறுத்திப்புடலாம்னு நின்னேன்."

"இத கோர்ட்டுல சொல்லுவியா?"

பழனி சுற்றிலும் பார்த்துக்கொண்டான். "வழியில போனவன்னு எழுதிக் குடுத்திருக்கறேன் டீச்சர். மறியல்ல நின்னேன்னு தெரிஞ்சா என்னைத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க. வூட்டுல நான் ஒருத்தன்தான்."

அவள் வற்புறுத்தவில்லை. எந்த வாயால் வற்புறுத்துவாள்? காலையும் கொடுத்தவனிடம் இன்னும் என்ன கேட்பது?

கேஸ் அடுத்த கோடையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பழனி கட்டையை ஊன்றிக்கொண்டு கூண்டில் ஏறினான்.

"வண்டி அதிவேகமா வந்து மோதிச்சு. அப்படித்தானே?" என்றார் அரசு வக்கீல்.

பழனி பொன்னுரங்கத்தைப் பார்த்தான். "இல்லீங்க. மெதுவாத்தான் வந்துச்சி."

"மெதுவா வந்த வண்டிக்கு ஏன் விலகல?"

"நிறுத்தறதுக்குத்தாங்க நின்னேன். நானும் மறியல்ல இருந்தேன். என் காலு போச்சின்னு அவன் பொழப்பும் போவணுங்களா?"

அந்தச் சாட்சியத்தில் பொன்னுரங்கம் அன்றைக்கே விடுதலையானான். லைசென்ஸ் பிழைத்தது. மரம் வெட்டிய கேஸில் 'பெயர் தெரியாத பலர்' என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது. வராந்தாவிலேயே இரண்டு போலீஸ்காரர்கள் பழனியின் தோளைப் பிடித்தார்கள்.

"லோடு ஏத்தினவர ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்று விஜயலட்சுமி கோர்ட்டுக்குள்ளே எழுந்து நின்று நீதிபதியிடம் கேட்டாள். அதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். டவாலி அவளை வெளியே போகச் சொன்னான்.

வெளியே வேப்பமரத்தடியில் நாராயணசாமி நின்றுகொண்டிருந்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்ததும் தோளில் தட்டிக் கொடுத்தார். "நல்லதாப் போச்சு. நாளைக்கு ரெண்டு டிரெய்லரு லோடு இருக்குது, வெள்ளன வந்துடு."

பொன்னுரங்கம் அக்கா பக்கம் திரும்பாமல் "சரிங்க" என்றான்.