ராஜகுமாரனை எடுத்துவிட்டுச் சொன்ன கதைகள்

காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு என் மகள் வகுப்பில் எழுந்து நின்று, தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன், அம்மா கேட்டில் நிற்கிறார்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். மூன்றுமே பொய். வலித்தது வயிறு. போனது ஆம்பூரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்கு, ஷேர் ஆட்டோவில், தனியாக. நான் அப்போது மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் ஆபீஸில் உட்கார்ந்து ஏற்றுமதிப் பெட்டிகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். புது சாம்பிள் ஷூவின் படம் வெளியே போய்விடக் கூடாது என்று அப்படி ஒரு ஏற்பாடு. சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வரலாம். அன்று பன்னிரண்டரைக்குப் போனை எடுத்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். மகளிடமிருந்து ஒன்றுகூட இல்லை.

அந்த எண்ணுக்குப் பேசினேன். பள்ளி டைரியில் இந்த நம்பர் இருந்தது, குடல்வால் வெடித்திருக்கலாம், ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பிவிட்டோம் என்றார் ஒரு நர்ஸ். பிறகு, "பொண்ணு தனியாவா மா வரும்? கூட யாருன்னு கேட்டா யாரும் வேணாங்குது" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வேணாம். அந்த வார்த்தைகளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அவளுக்கு நாலு வயதாகும்போது என் கணவர் ஆப்பிரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மிச்ச நாட்களில் நான் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். குழந்தைக்குக் கதை சொல்ல உட்கார்ந்தால் அங்கேயும் ஒருத்தி கோபுரத்தில் காத்திருந்தாள், இன்னொருத்தி நூறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என் மகள் இப்படி ஆகக் கூடாது என்று ஒருநாள் கதையிலிருந்து ராஜகுமாரனை எடுத்துவிட்டேன்.

என் கதையில் தூங்குகிறவளை யாரும் வந்து எழுப்பவில்லை. வெயில் முகத்தில் சுட்டது, எழுந்துவிட்டாள். எங்கள் ஊர் வெயிலில் எவள் நூறு வருடம் தூங்குவாள். கோபுரத்துப் பெண் தன் கூந்தலைத் தானே அறுத்து, கயிறாக முறுக்கி, இறங்கி நடந்தாள். ஷூ பொருந்தியதால் ராணியானவளின் கதையை மட்டும் எப்படி மாற்றுவது என்று தெரியாமல் கேன்டீனில் சொன்னேன். தையல் லைன் பெண்கள் சிரித்தார்கள்.

"ஊருக்கே ஒருத்திக்குத்தான் அந்த சைஸா? இன்னாக்கா நீ. முப்பத்தேழு சைஸ் எங்க லைன்லயே நாப்பது பேர் கீறோம்" என்றாள் ஒருத்தி.

"அந்த ராஜா பேஜார் புடிச்சவன். மூஞ்சி ஞாபகம் இல்லயாம், செருப்பு ஞாபகமாம்" என்றாள் இன்னொருத்தி.

அந்தக் கதையையும் விட்டுவிட்டேன்.

பிறகு கடையிலும் டிவியிலும் வாளெடுத்த இளவரசிகள் வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, நான் முன்னாலேயே செய்துவிட்டேன் என்று. ஒரே ஒரு தடவை மகள் கேட்டாள், கோபுரத்துப் பெண்ணைப் பற்றி.

"எறங்கும்போது கை வலிச்சிதா மா?"

"வலிச்சிருக்கும்."

"அப்போ யாரயாச்சும் கூப்ட்டாளா?"

"அவ எதுக்குடி கூப்பிடணும்? அவளுக்கு யாரும் வேணாம்."

அவள் தலையாட்டிக்கொண்டாள். ஐந்து வயது. அதை ஒரு விடையாக எடுத்துக்கொண்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது மணி இரண்டு. வார்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் பள்ளிச் சீருடையோடு படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அழுவாத மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"எத்தன நாளா டீ வலிக்குது?"

"மூணு."

"கம்பெனி லேண்ட்லைன் நம்பர் ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிக்கீறேனே. மனப்பாடமா தெரியுமே உனக்கு."

"தெரியும். நீ பதறுவ. நானே பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

பதினாறு வயதுப் பெண் வெடித்த குடல்வாலை வைத்துக்கொண்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை.

ஒரு நர்ஸ் வந்து, "கூட எத்தன பேர் மா? ஒருத்தர் கதவாண்ட இருக்கணும், நாங்க பேர் சொல்லிக் கூப்பிடுவோம். ஒருத்தர் மருந்துக்கு ஓடணும்" என்றார்.

"வந்துட்டிருக்காங்க" என்றேன்.

யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. யாருக்கும் நான் சொல்லவே இல்லை. காலையில் என் மகள் டீச்சரிடம் சொன்னதும் இதே பொய்தான். அது உறைத்தது. ஆனாலும் போனை எடுக்கவில்லை. கணவருக்குச் சொன்னால் அவ்வளவு தூரத்தில் தவிப்பார் என்று ஒரு காரணம். அண்ணன் குடியாத்தத்தில், தறி ஓடும் நேரம் என்று இன்னொன்று. எல்லாம் கைவசம் தயாராக இருந்தன.

சீட்டை வாங்கிக்கொண்டு நானே கீழே மருந்துக்கடைக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர். எண்ணினேன், வேறு என்ன செய்வது. பையோடு மூச்சு வாங்க மேலே வந்தபோது தள்ளுவண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

"எங்க போய்ட்டீங்க? நாலு தடவ கூப்ட்டோம். கையெழுத்து போட ஆளில்லாம டாக்டர் நிக்கறாரு" என்றார் நர்ஸ். கையெழுத்துப் போட்டேன். உள்ளே போகும் முன் மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்று பிறகு அந்த நர்ஸ்தான் சொன்னார். அந்த நேரத்தில் நான் கீழே வரிசையில் நின்றிருந்தேன்.

கதவு மூடியிருந்தது. நாற்காலிகளில் மற்றக் குடும்பங்கள் ஐந்தாறு பேராக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தன. காத்திருக்கும் பெண்ணையும் காத்திருக்காத பெண்ணையும் பற்றி இத்தனை வருடம் யோசித்த நான், அந்தக் கோபுரத்துக்குக் கீழே இரண்டு பேரை நிற்கவைத்திருக்கலாம் என்று யோசித்ததே இல்லை. ஒரு தோழி, கயிற்றைப் பிடிக்க ஒரு அக்கா. ராஜகுமாரனை எடுத்தபோது மற்ற எல்லோரையும் சேர்த்து எடுத்துவிட்டிருக்கிறேன். என் வீட்டிலும் அப்படித்தான். கதையை அவள் மறந்திருந்தாலும் என்னைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

நர்ஸ் தலையை நீட்டி இன்னொரு சீட்டைக் கொடுத்தார். "இது உடனே வேணும். நீங்க நகராதீங்க, மறுபடி கூப்பிடுவோம்."

போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளினேன். எங்கள் வீட்டுக்காரம்மாவின் எண் இருந்தது. கீழ் வீட்டில் இருக்கிறார். ஆபா என்று கூப்பிடுவேன், உருதுவில் அக்கா. பதினோரு வருடத்தில், மோட்டார் போடச் சொல்வதற்குத் தவிர அவரிடம் பேசியதில்லை. பெருநாளுக்கு அவர் அனுப்பும் பிரியாணிப் பாத்திரத்தைக் கழுவி, அதில் பழம் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். உள்ளே வாங்க என்று சொன்னதில்லை.

"ஆபா, வேலூர்ல இருக்கேன். பாப்பாவுக்கு ஆபரேஷன். எங்கூட யாரும் இல்ல" என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்ல நேரமாயிற்று.

எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது மாடி என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டார். அந்தச் சீட்டை, பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டு அவர் மகனிடம் கொடுத்தனுப்பினேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் உடனே மகனைக் கிளப்பினார்.

மூன்றே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். வெடித்துத்தான் இருந்தது, சுத்தம் செய்துவிட்டோம், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம், இரண்டு நாள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். அவர் போன பிறகு நர்ஸ் மூன்றாவது சீட்டை நீட்டினார்.

அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சாய்தளத்தில் கறுப்பு புர்க்கா ஒன்று மூச்சு வாங்க ஏறி வந்தது. ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் துணிப்பை. ஆபா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"இத்தினி வருஷம் கழிச்சி இன்னிக்குத்தான் என் நம்பர் கெடச்சிதா உனக்கு? சரி, அந்த சண்டய அப்பறம் வச்சிக்கலாம். சீட்ட குடு, நான் வாங்கினு வர்றேன். நீ கதவாண்டயே நில்லு."