ஈரம் காயாத பொட்டு

என் மகள் துளசியின் படத்தைக் கெடுத்தவள் நான்தான். அதற்குப் பழி சுமந்தவள் வேறொரு பிள்ளை. ஐந்து வருடமாக நான் வாய் திறக்கவில்லை.

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்துக் கோணலாக இருக்கும். பொறுத்து வாசியுங்கள், இரக்கப்பட வேண்டாம். அதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

இங்கே மொன்றியலில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள், பல்கலைக்கழகம் போகுமுன் இரண்டு வருடம் சீஜெப் என்ற கல்லூரியில் படிப்பார்கள். துளசி அங்கே ஓவியம் எடுத்தாள். கடைசி வேலையாக என்னை வரைந்தாள். கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலோரம் ஒரு மாதம் அசையாமல் இருந்துகொடுத்தேன். அவளுடைய அப்பா செத்துப்போய் அப்போது மூன்று வருடம்.

"பொட்டோடை கீறினால் என்ன, கை தேய்ஞ்சு போயிடுமோ?" என்று கேட்டேன்.

"இருக்கிறதைத்தான் கீறுவன் அம்மா. பொட்டு இருந்த இடம் இன்னும் வெளிறிக் கிடக்கு. அந்த நிறம் வரத்தான் இவ்வளவு நாளும் கலந்து கலந்து பாக்கிறன்."

நான் கண்ணாடியில் பார்க்க மறுத்த இடத்தை... பிள்ளை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கல்லூரியில் வைக்கும் படக் கண்காட்சிக்குக் கோயில் சனமும் வருவதாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் வெறும் நெற்றியோடு நான் சுவரில் தொங்குவதா? முந்தின நாள் துளசி காய்ந்த படத்தைப் பழைய விரிப்பால் சுற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் அவிழ்த்தேன். அவளுடைய சிவப்புச் சாயத்தை மோதிர விரலில் தொட்டு, முன்பு என் நெற்றியில் வைத்ததுபோலவே வைத்தேன்.

சனத்துக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். வைத்த பிறகு அரை மணி நேரம் அதன் முன்னால் இருந்தேன். அவர் இருந்த காலத்து என் முகம் அது.

குங்குமம்போல உடனே ஒட்டிவிடும் என்று நினைத்தேன். எண்ணெய்ச் சாயம் காய நாள்கணக்காகும் என்று தெரியாது. ஒரு மாதம் பக்கத்தில் இருந்தும் ஏன் கேட்கவில்லை? மறுபடி இறுக்கிச் சுற்றிக் கட்டினேன்.

காலையில் துளசி மெற்றோவில் முன்னமே போய்விட்டாள். அவளுடைய தோழி சோஃபி தகப்பனின் காரில் வந்து படத்தை ஏற்றிப் போனாள். அங்கே அவிழ்த்தபோது பொட்டு இல்லை. நெற்றி முழுக்கச் சிவப்பு இழுபட்டு, வெட்டுக்காயம்போல... துளசி அதை மாட்ட விடாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"சோஃபிதான் அம்மா. அவிழ்த்துப் பாத்திருக்கிறாள். அவளின்ரை கையிலை எப்பவும் பெயின்ற். இல்லையெண்டு சத்தியம் வேறை."

என் நகக்கண்ணில் அப்போதும் சிவப்பு இருந்தது. கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"கவனமில்லாத பிள்ளை. இனி அவளோடை சேராதை."

சேரவில்லை. தூரிகையையும் தொடவில்லை. இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். படம் என் அலுமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

போன கிழமை மெற்றோவில் சோஃபியைக் கண்டாளாம். இவளைக் கண்டதும் அந்தப் பிள்ளை அடுத்த பெட்டிக்கு மாறிவிட்டதாம். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே துளசி சொன்னாள்:

"ஒருக்கா ஒத்துக்கொண்டிருந்தால் அண்டைக்கே மன்னிச்சிருப்பன் அம்மா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய்வரை வந்தது.

"தேத்தண்ணி ஊத்தட்டோ பிள்ளை?" என்றேன்.

"ஓம்" என்றாள்.

சீனி போட மறந்து கொடுத்தேன். அவள் அதை அப்படியே குடித்து முடித்தாள்.