மேட்டுக்குப் போன பந்தல்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டில் ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு வேலை உண்டு. ஒருவருக்குத் தெருவிளக்கு, ஒருவருக்குச் சாக்கடை, ஒருவருக்கு வண்டி நிறுத்தும் மைதானம். எனக்கு வில்லுப்பாட்டு. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஆற்றங்கரை மைதானத்தில் போர்டு செலவில் பந்தல் போட்டு வில்லுப்பாட்டு வைப்பது வழக்கம். கீற்று வாங்க வேண்டும், பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், பாட வருகிறவர்களின் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். யாரும் கேட்டு வாங்குகிற வேலை அல்ல. வேண்டாம் என்று சொல்லக்கூட வாய் வராதவன் நான் ஒருவன்தான் என்பதால் என் தலையில் வந்து விழுந்தது.

நான் மெம்பரானதும் அப்படித்தான். ஊரில் இருந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. யாருக்கும் தொந்தரவில்லாத ஆளாகத் தேடியபோது என் எண்ணெய்க் கடை கண்ணில் பட்டிருக்கிறது. அருவிக்குப் போகிறவர்கள் உடம்பில் தேய்த்துக்கொள்ள நல்லெண்ணெய் விற்கிற சின்னக் கடை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கடையில் வருகிறவர்களிடம் அளவைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் காது சூடாகிவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் சொல்வது இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி. பஸ் ஓடத் தொடங்கியிருந்தாலும் கடையம், சிவகிரி, பண்பொழிப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் வரும். அருவியிலிருந்து கூப்பிடு தூரத்தில், சிற்றாற்றை ஒட்டிய எங்கள் மைதானத்தில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, அடுப்பு மூட்டி, குளித்து, சாயங்காலம் வில்லுப்பாட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் திரும்புவார்கள். மைதானம் தென்காசி ரோட்டுப் பக்கம் மேடு, ஆற்றுப் பக்கம் பள்ளம். பந்தல் போடுவது பள்ளத்தில், ஆற்றங்கரை மருத மரத்துக்குப் பக்கத்தில். எத்தனையோ வருஷமாக அங்கேதான்.

அந்த வருஷத்துக்கு முந்தின சாரலில் மலையில் பேய்மழை பெய்து ஆறு மைதானத்துக்குள் ஏறிவிட்டது. ஆள் சேதம் இல்லை. காளைகளை மேட்டில் கட்டியிருந்ததால் அவையும் பிழைத்தன. ஆனால் வண்டிகள் போயின. எங்கள் மைதானத்து வண்டிக்காரர்களுக்கெல்லாம் மூத்தவரான கடையத்துக்காரரின் வண்டியும் அதில் ஒன்று. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று நுகத்தடியைப் பிடித்து இழுத்ததை மேட்டில் இருந்த என் கடை வாசலிலிருந்து பார்த்தேன். வண்டி நகர்ந்தது, பக்கத்து வண்டியின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் கையை விட்ட பிறகுதான் தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போனது.

அன்று நான் பார்த்தது இன்னொன்றும் உண்டு. எல்லா வண்டிகளும் ஆற்றைப் பார்த்து நின்றன. மேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அப்படியே நேராக நிறுத்தி அவிழ்த்துவிடுவார்கள். அந்தத் திசையில்தான் குற்றாலநாதர் கோயில். சாமிக்குப் பின்பக்கம் காட்டி வண்டியை நிறுத்தக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். அதனால் வெள்ளம் வந்தபோது ஒவ்வொரு வண்டியையும் திருப்ப வேண்டியிருந்தது. சக்கரத்தோடு சக்கரம் உரச நிற்கிற வண்டிகளை எங்கே திருப்புவது? ரோட்டைப் பார்த்து நின்றிருந்தால், காளையைப் பூட்டின மாத்திரத்தில் நேராக ஏறிப் போயிருக்கலாம்.

அடுத்த சாரலுக்கு முன்னால் மேலதிகாரி ஒருவர் வந்து மைதானத்தைப் பார்த்தார். இனி இங்கே வண்டி நிற்கக் கூடாது, தென்காசியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரட்டும் என்றார். வண்டி இல்லையென்றால் கூட்டம் தங்காது, ஆகவே வில்லுப்பாட்டும் வேண்டாம் என்றார். போர்டு கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். கைக்குழந்தைக்காரியும் முட்டிவலிக்காரரும் தென்காசியிலிருந்து எப்படி நடப்பார்கள்? பக்கத்தில் இருந்த தலைவரின் காதில் மட்டும் கேட்கும்படி, வண்டிகளைத் திருப்பி நிறுத்தச் சொன்னால் போதும் என்றேன்.

தலைவர் பெரிய நிலக்காரர். நல்ல மனுஷன்தான். ஆனால் எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

"கேட்டியளா, நம்ம எண்ணெய்க் கடை அண்ணாச்சி வாயத் தொறந்துட்டாக. வண்டியத் திருப்பி விட்டா வெள்ளம் பயந்து போயிருமாம்" என்றார்.

கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. சரி, இந்த ஒரு சாரல் பார்க்கலாம், ஒரு வண்டி ஆற்றோடு போனாலும் மைதானமும் மூடல், பாட்டும் மூடல் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் தலைவர் என் தோளில் தட்டினார். "என்னவே, மாட்டிக்கிட்டீரா? இனி வண்டிக்காரன்ட்ட நீரே பேசும்."

பேசினேன். ஒரு நாள் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கடையத்துப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் புது வண்டியின் அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். வண்டி பறிகொடுத்தவர், உடனே ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, வண்டி போனா இன்னொண்ணு செய்யலாம். செஞ்சிருக்கேன், பாத்துக்கிடுங்க. சாமிக்குப் பொறத்தக் காட்டிட்டு நிக்கச் சொல்லுதியளே, அதுக்கு எங்கன போயி ஈடு கட்ட?" என்றார்.

அப்படியே வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் மனைவி சோற்றை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்குப் பேச்சு வராதுன்னு ஊருக்கே தெரியும். வராத வேலைய எதுக்குப் பாக்குதிய? ஒங்களுக்குக் குடுத்த வேலையப் பாருங்க" என்றாள்.

எரிச்சலில் சொன்னாள். ஆனால் எனக்குக் கொடுத்த வேலை எது என்று யோசித்தபடியே சாப்பிட்டேன். கையில் ஒட்டிய சோறு காய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் பந்தல்காரர்கள் மூங்கிலோடு வந்தார்கள். வழக்கம்போல மருத மரத்துப் பக்கம் நடந்தார்கள். குழி தோண்டப் போகிறவன் சும்மா ஒரு பேச்சுக்கு, "அங்கனதான அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"இல்ல. மேட்டுல" என்றேன்.

மெம்பராக நான் இட்ட முதல் உத்தரவு அதுதான். அவன் மறுபேச்சுப் பேசாமல் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ரோட்டுச் சரிவுக்கு ஓரமாக, வண்டி போகிற வழியை விட்டு, பந்தல் எழும்பியது.

வில்லடித்துக் கதை பாடும் அண்ணாவி மத்தியானம் வந்தார். கனத்த சாரீரம், அதைவிடக் கனத்த ஆள். பந்தல் இடம் மாறியது கண்டு கோபிப்பார் என்று பயந்தேன். அவர் வில்லை வைக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். மரங்களுக்கு நடுவே, கோயிலை ஒட்டிய பேரருவி வெள்ளையாகத் தெரிந்தது.

"இத்தன வருசமா சாமிக்கு முதுகக் காட்டிட்டுல்லா பாடிருக்கேன். இப்பம்தான் மொகத்தப் பாத்துப் பாடப் போறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆற்றுச் சத்தமும் இங்கே குறைவு, தொண்டை பிழைத்தது என்றார்.

தலைவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. மருத மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பது அவர் அப்பா காலத்துப் பழக்கம். பந்தல் எங்கே போனாலும் என் நாற்காலி மரத்தடியில்தான் கிடக்கும் என்று சொல்லிவிட்டு, குடையோடு போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு அங்கேயும் கேட்டிருக்கும். அண்ணாவிதான் தெரிந்திருக்க மாட்டார்.

அன்று சாயங்காலம் வண்டிகள் வழக்கம்போல ஆற்றைப் பார்த்து நின்றன. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தலுக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றேன். உடுக்கையும் குடமும் முழங்கின. சாரலும் ஆரம்பித்தது. ஜனங்கள் நனையாமல் வண்டிக்குள் இருந்தபடியே பாட்டுக் கேட்கப் பார்த்தார்கள். பின்பக்கம் வைக்கோலும் சாமானும் அடைத்துப் படுதா கட்டியிருந்தது. முன்பக்கமோ ஆற்றைப் பார்த்து இருந்தது. மலைப்பக்கத்துச் சாரல் நேராக உள்ளே அடித்தது.

முதலில் ஓரத்தில் நின்ற பண்பொழி வண்டி ஒன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை குரல் கேட்டது. "ஏலே, வண்டியத் திருப்புதியா, நான் எறங்கி நனையட்டுமா?" அந்த வண்டி திரும்பியது. அது திரும்பியதும் பக்கத்து வண்டிக்கு இடம் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் மைதானம் பூராவும் கடகடவென்று சத்தம். கடையத்துப் பெரியவர் கடைசி வரை வீம்பாக இருந்தார். அவர் கூட்டி வந்த குடும்பம் விடவில்லை. பாட்டு முடிகிறவரைக்கும்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே, ஆற்றங்கரை வரிசையில் தம் வண்டியையும் திருப்பி முட்டுக் கொடுத்தார். அண்ணாவி பாடுவது அந்தச் சாமி கதைதான், கதையைப் பார்த்து நிற்பதில் குற்றமில்லை என்று பிறகு தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார் என்று கேள்வி.

அதற்குப் பிறகு வந்த வண்டிகள் முன்னால் நிற்கும் வண்டிகளைப் பார்த்து அதே மாதிரி நின்றன. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆடி மாதம் அது நடந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. மைதானத்தில் தூறல்கூட இல்லை. மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. அண்ணாவி கதையில் நல்ல கட்டத்தில் இருந்தார். பின்பாட்டுக்காரர்கள் வழக்கம்போல ஒவ்வொரு அடிக்கும் 'ஆமா' போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அண்ணாவியின் கண் அருவியில் நின்றுவிட்டதைப் பார்த்தேன். நானும் திரும்பினேன். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த அருவி செம்மண் நிறமாகி, பாறையை விட்டுத் தள்ளி விழுந்தது.

அவர் வில்லை நிறுத்தவில்லை. ராகத்தையும் விடவில்லை.

"வெள்ளையா விழுந்த தண்ணி செவலையா விழுகுதய்யா" என்று பாடினார்.

"ஆமா, விழுகுது."

"காளையக் கொண்டாங்க, நுகத்துல பூட்டுங்க."

"ஆமா, பூட்டுங்க."

"முன்வண்டி போகட்டும், பின்வண்டி பொறுக்கட்டும்."

"ஆமா, பொறுக்கட்டும்."

முதலில் ஜனங்கள் கதையில் வருகிறது என்றுதான் நினைத்தார்கள். கடையத்துப் பெரியவர் எழுந்து ஆற்றைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அவர் மேட்டிலிருந்த காளைகளை நோக்கி ஓட, எல்லா வண்டிக்காரர்களும் ஓடினார்கள். நெரிசல் இல்லை, கூச்சல் இல்லை. அண்ணாவி பாடப் பாட, ரோட்டோர வரிசை முதலில் ஏறியது. அதன் பின்னால் அடுத்த வரிசை. எல்லாம் நேராக. திரும்ப வேண்டிய வண்டி ஒன்றுகூட இல்லை. நான் அப்போதுதான் ஏற்றியிருந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் நின்றேன். வெளிச்சம் தேவைப்படாத நேரம்தான். கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசி வரிசை கிளம்பும்போது தண்ணீர் அவர்கள் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நான் மூச்சு விட்டபோது, கடையத்து வண்டியை மட்டும் காணவில்லை. போன வருஷம் பறிகொடுத்த அதே மனிதர், அதே இடம். ஒரு வண்டி போனாலும் மூடல்.

பிறகு காளைகளின் தலை தெரிந்தது. வண்டி தண்ணீரைச் சொட்டிக்கொண்டு மேட்டில் ஏறியது. குடும்பத்தார் நடுவே, மடியில் யாருடைய பிள்ளையையோ வைத்துக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து எங்கள் தலைவர் உட்கார்ந்திருந்தார். மருத மரத்தடியில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியைத் தூக்கப் பார்த்திருக்கிறார். பெரியவர் வண்டியை ஒடித்துத் திருப்பி அவர் பக்கம் கொண்டுபோய், "நாக்காலிய விடும் முதலாளி, ஏறும்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். அன்று மைதானத்தில் நேராக ஏறாத வண்டி அது ஒன்றுதான்.

ரோடு நெடுக வண்டிகள் தென்காசியைப் பார்த்து வரிசையாக நின்றன. கீழே மைதானம் ஆறாகிவிட்டது. பந்தலுக்குள் தண்ணீர் வரவில்லை. ஒரு வண்டி போகவில்லை, ஒரு சட்டி போகவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணாவியைத் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதை எந்த இடத்தில் நின்றது என்று கேட்டார். வண்டிகளிலிருந்து பலபேர் பதில் சொன்னார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அன்றைக்கு 'ஆமா' போட்டது பின்பாட்டுக்காரர்கள் மட்டுமல்ல.

யாரோ என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மனைவி அங்கேயே வந்துவிட்டாள். என் கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் கை எரிவது தெரிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அதிகாரி வந்தார். எத்தனை வண்டி போனது என்று கேட்டார். தலைவர் எழுந்தார்.

"வண்டி ஒண்ணும் போகல. எங்க அப்பா காலத்து நாக்காலி ஒண்ணு போச்சு. அது வண்டிக் கணக்குல வராதுங்க" என்றார். பிறகு என்னைக் காட்டி, "அன்னைக்கு இவரப் பாத்து நான்தான் சிரிச்சேன். இன்னைக்கு எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சுக்கிடுங்க" என்றார்.

சிரித்தார்கள். இந்தத் தடவை அதிகாரியும் சிரித்தார். மைதானமும் பாட்டும் நிலைத்தன. பந்தல் இனி மேட்டில்தான் என்று தீர்மானம் ஆயிற்று. யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடானது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த சாரலில் பந்தல்காரர்கள் என்னைக் கேட்காமலே மேட்டில் குழி தோண்டினார்கள். முதல் வரிசையில் புது நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. அதை ரோட்டைப் பார்த்துப் போடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் தலைவர்.